இரும்பை ஒதுக்கும் மிஷின்

எனக்கும் மெட்டல் டிடெக்டருக்கும் பதினோரு வருடப் பழக்கம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஈப்போவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. பெல்ட்டில் வரிசையாக வரும் பொட்டலங்கள் ஒரு பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். பிஸ்கட்டுக்குள் ஆணித் துணுக்கோ கம்பித் தூளோ கலந்திருந்தால் பெட்டி கத்தும், பெல்ட் நின்றுவிடும். மணிக்கு ஒரு தடவை, இரும்புத் துகள் பதித்த வில்லை ஒன்றை நானே உள்ளே அனுப்பி, பெட்டி ஒழுங்காகக் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சத்தம் மற்றவர்களுக்குத் தலைவலி. எனக்கோ ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஒரு குதி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு பெட்டி கண்டுபிடித்துச் சொல்கிறதே என்ற ஆச்சரியம் இந்தப் பதினோரு வருடத்தில் கொஞ்சமும் குறையவில்லை.

அங்கே மோதிரம், தோடு, வளையல் எதற்கும் அனுமதி கிடையாது. தாலிக்கு மட்டும் விலக்கு. முன்பு ஒரு மேலாளர் அதையும் கழற்றச் சொன்னபோது தமிழ்ப் பெண்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில், கழுத்து மூடிய சட்டைக்குள்ளே போட்டுக்கொள்ளலாம், ஆனால் தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்குகளை மட்டும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும் என்று முடிவானது. சேலை முந்தானைக்கோ, பிய்ந்த பொத்தானுக்கோ, காலில் குத்திய முள்ளை எடுக்கவோ எந்த நேரமும் ஊக்கு தேவைப்படும், அதைத் தாலிக்கொடியை விட்டால் வேறு எங்கே வைப்பது? தினமும் காலையில் நாலு ஊக்கைக் கழற்றுவேன், சாயந்திரம் திரும்ப மாட்டிக்கொள்வேன்.

போன வருடம் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் ஓர் ஆள், நீளமான கம்பின் முனையில் வட்டத் தட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, உழுத வயலில் வலதும் இடதுமாக ஆட்டியபடி நடந்துபோனான். ஓர் இடத்தில் சத்தம் வந்தது. தோண்டினான். ஒரு பழைய சட்டைப் பொத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். எனக்கு அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. நானும் இப்படி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போக வேண்டும், நானும் இப்படிக் குதிக்க வேண்டும்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொதையல் எடுக்கப் போறியா? எடுத்தா எனக்கு ஒரு புதுக் காடி வாங்கிக் குடுலா" என்று கார் கேட்டார். அதோடு விட்டாரா, தன் கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டார். அவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, தங்கம் வெட்டியாச்சா?" என்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் நான் எதையும் விடுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். எந்த மிஷின் எவ்வளவு எடை, தட்டு எவ்வளவு அகலம், தண்ணீரில் நனைந்தால் தாங்குமா, பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று எழுத ஆரம்பித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்தேன். எல்லாரும் ஆண்கள். என்னையும் 'புரோ' என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் திருத்தவில்லை. அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கால் வைக்கக்கூடாது, பழங்காலப் பொருள் கிடைத்தால் அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். ஆனால் முதல் மிஷின் எது வாங்கலாம் என்று கேட்டால் மட்டும் பத்துப் பேர் பதினைந்து பதில் சொன்னார்கள். எட்டு மாதம் போனது. நோட்டு நிறைந்தது, மிஷின் வரவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள்.

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைப்பாள். அவள் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. அன்றைக்குப் போனில் அழுகையோடுதான் பேசினாள்.

"தாலியைக் காணோம்டி."

முந்தின நாள் சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில் கோயில் திருவிழா. தோட்டம் என்று பேருக்குத்தான் சொல்கிறோம். ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டு வருடக்கணக்காகிறது. நாங்கள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்தில் ஒருநாள் எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். எனக்கு அந்த இடத்தின் மேல் பெரிய உருக்கமெல்லாம் கிடையாது, நினைத்தால் கொசுக்கடியும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையும்தான் ஞாபகம் வரும். அக்கா அப்படி இல்லை. விடியற்காலையிலேயே போய், சாயந்திரம் வரை அன்னதானப் பாத்திரம் கழுவிவிட்டுத்தான் வருவாள். அந்த வருடமும் அத்தானை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அப்படித்தான் செய்திருக்கிறாள். இரவு வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கழுத்தில் சங்கிலி இல்லை என்று தெரிந்திருக்கிறது. கொக்கி தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தவள்தான்.

மற்ற நேரமாக இருந்தால் நாலு திட்டுத் திட்டி, நகைக்கடைக்குக் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் அத்தானுக்கு அடுத்த திங்கட்கிழமை இருதய அறுவை சிகிச்சை. நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

"நெஞ்சைத் திறக்கப் போற மனுஷன். இந்த நேரம் பார்த்துத் தாலி போயிருக்கு. அவருகிட்ட சொல்லிடாத. கேட்டாருன்னா பயந்துருவாரு" என்றாள். மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி ரவிக்கைக்குள் விட்டு மறைத்து வைத்திருந்தாள்.

அத்தான் கண்டுபிடிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. அவர் எதையும் கவனிக்காத மனிதர். அக்கா ஒருமுறை முன்கூடத்துச் சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்து, நாலு நாள் கழித்து அவளே கேட்டபோதுதான் "அப்படியா, மாத்திட்டியா?" என்றார். எனக்குச் சகுனத்திலும் நம்பிக்கை இல்லை. அதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். போனை வைத்த பிறகு என் கை என் கழுத்துக்குப் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அக்கா அன்றே ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், பூசாரியின் மனைவியோடு சேர்ந்து ஒவ்வொரு புல்லாக விலக்கித் தேடினாள். திருவிழாக் கூட்டம் மிதித்த மண், ஞாயிறு இரவே கொட்டிய மழை. கோயிலைச் சுற்றி எல்லாம் சேறு. கண்ணால் தேடி அங்கே ஒன்றும் ஆகாது.

கண்ணால் ஆகாது என்றால் எதனால் ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்! வருத்தப்பட வேண்டிய நேரத்தில் என் நெஞ்சு குதித்ததை மறைக்க விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

மீன்குளத்துப் பம்பும் மரம் அறுக்கும் மிஷினும் விற்கிற கடை அது. நடத்துகிறவள் ஒரு சீனத்தி, என் வயதுதான் இருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் மூன்று டிடெக்டர்கள் தொங்கின. எட்டு மாதமாகப் படத்தில் பார்த்தவை நேரில் நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன தேடப் போறீங்க?"

எட்டு மாதத்தில் என் நோட்டில் இல்லாத கேள்வி அது. எடை, அகலம், பேட்டரி எல்லாம் இருந்தது. எதைத் தேடுவேன் என்பதை நான் எழுதவே இல்லை. "தங்கம். மண்ணில் விழுந்த சங்கிலி" என்றேன். இடம் எது என்று கேட்டாள். பழைய ரப்பர் தோட்டம் என்றதும் சிரித்தாள். "அங்கே மண்ணைவிட ஆணிதான் ஜாஸ்தி" என்றாள்.

அவள் சொன்னது சரி. இடித்த லயத்தின் தகரத்து ஆணிகள், கதவுக் கீல்கள், அதற்கும் மேலாக மங்குக் கம்பி. ஒவ்வொரு பால்மரத்திலும் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் தாங்க ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் போய்விட்டன, கம்பிகள் மண்ணுக்குள் கிடக்கின்றன.

முதலில் மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒன்றை எடுத்தாள். தூக்கினால் இறகு மாதிரி இருந்தது. ஆனால் ஆணிக்கும் ஒரே 'பீப்', காசுக்கும் ஒரே 'பீப்'. அடுத்தது பெரியது. குழுவில் இருந்த புரோக்கள் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடியது அதைத்தான். ஆழமாகப் பார்க்கும், ஆனால் எது இரும்பு எது தங்கம் என்று பிரித்துச் சொல்லாது. இரண்டு நிமிடம் ஆட்டியதற்கே தோள்பட்டை கழன்றது. மூன்றாவது கறுப்பு மிஷின். அதில் சின்னத் திரை இருந்தது, திரையில் எண் வந்தது. இரும்புக்கு அடித்தொண்டைச் சத்தம், தங்கத்துக்கு நடுவாந்தரம், வெள்ளிக்கும் செம்புக்கும் கீச்சுக் குரல். ஒரு பொத்தானை அழுத்தினால் இரும்பின் சத்தமே வராமல் ஒதுக்கிவிடும்!

நான் சும்மா நம்புகிற ஆள் இல்லை. தினமும் மிஷினைச் சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். கடை மேசையில் என் மோதிரத்தைக் கழற்றி வைத்தேன். தோட்டை வைத்தேன். இருபது காசு நாணயம், ஒரு ஆணி, குளிர்பான டின்னின் வளையம் என்று வரிசையாக வைத்துக் கறுப்பு மிஷினின் தட்டை மேலே ஆட்டினேன். ஆணி வாயைத் திறக்கவில்லை. மோதிரம் கணீரென்று பேசியது. டின் வளையமும் கிட்டத்தட்ட மோதிரத்தின் எண்ணையே காட்டியது. அது கொஞ்சம் கடுப்பாக இருந்தாலும், எல்லா மிஷினிலும் அப்படித்தான் என்று என் நோட்டே சொன்னது.

"கழுத்தில் இருக்கிறதையும் வைத்துப் பாருங்களேன், சங்கிலிதானே தேடுறீங்க" என்றாள் கடைக்காரி.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். தன் கையைத் தூக்கிப் பச்சைக்கல் வளையலைக் காட்டி, "இதுவும் அப்படித்தான். மாட்டினதிலிருந்து கழற்றினதில்லை" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பணம் கட்டும்போது ஒன்று சொன்னாள்: "இரும்பை ரொம்ப அடக்காதீங்க. பக்கத்தில் இருக்கிற நல்லதும் சேர்ந்து அடங்கிடும்." தலையை ஆட்டினேன். பெட்டியைக் கையில் வாங்கிவிட்ட பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பில் மண்ணைத் தேடுவதே பெரிய பாடு. வீட்டு முன்பக்கம் முழுக்க சிமெண்ட். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகள் மிஷினைக் குழப்பின. கால்வாய் ஓரம் கறிவேப்பிலை மரத்தடியில் பாய் அகலத்துக்கு மண் இருந்தது. வீட்டுக்காரர் ரகசியமாகக் காசைப் புதைத்து வைப்பார், நான் தேடுவேன். முதல் காசு கிடைத்தபோது நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மலாய்க்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கிண்டல் அடித்த மனிதரே மறுநாள் "நான் கொஞ்சம் ஆட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். கொடுப்பேனா?

ஒரே ஒரு தொந்தரவு. தோண்டுவதற்காகக் குனியும்போதெல்லாம் என் தாலி முன்னால் தொங்கித் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது மிஷின் ஒரு மாதிரி சத்தம் போடும். கணீரென்றும் இல்லாமல், அடங்கியும் போகாமல், 'டொர்ர்-டிக், டொர்ர்-டிக்' என்று இருமல்காரன் பேசுகிற மாதிரி வெட்டி வெட்டி வரும். முதல் நாள் அதைக் கேட்டு மண்ணைக் கிளறிக் கிளறி ஏமாந்தேன். பிறகு பழகிவிட்டது. 'டொர்ர்-டிக்' வந்தால் அது நான்தான் என்று விட்டுவிடுவேன்.

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் அவளுடைய வேனிலேயே கிளம்பினோம். அத்தானிடம் சாமிக்கு அர்ச்சனை செய்யப் போகிறோம் என்று சொல்லியிருந்தாள். வழியெல்லாம் நான் மிஷினின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தேன். அக்காவோ தஞ்சோங் மாலிம் போகிற லாரிகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வேனை விரட்டினாள்.

கோயில் தலைவரிடம் முன்பே போனில் அனுமதி வாங்கியாகிவிட்டது. அக்கா அன்றைக்கு நடந்த வழியைக் காட்டினாள். வேன் நின்ற செம்பனை மரத்தடி, அங்கிருந்து சமையல் கொட்டகை, அங்கிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீர்க் குழாய், பிறகு கோயில் வாசல். அவ்வளவுதான். அதற்குள்தான் எங்கோ கிடக்க வேண்டும்.

மிஷினைப் போட்டதும் காது கிழிந்தது. கடைக்காரி சொன்னது பொய்யில்லை, அடிக்கு ஓர் ஆணி, முழத்துக்கு ஒரு கம்பி. இரும்பை ஒதுக்கும் பொத்தானை அழுத்தினேன். அப்பா, என்ன அமைதி! தோட்டமே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த அமைதிக்குள் எப்போதாவது ஒரு கணீர். தோண்டுவேன். டின் வளையம். மறுபடி கணீர். ஐந்து காசு. மறுபடி கணீர். கற்பூர அட்டையின் ஜிகினாத் தாள். ஒரு சின்ன வெண்கல மணி, ஆட்டின் கழுத்தில் கட்டியதாக இருக்கும். அதைக் கண்டதும் ஒரு கணம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து கூவிவிட்டேன். தலையைத் தூக்கினால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணியைப் பைக்குள் போட்டேன்.

ஒவ்வொரு தடவை குனியும்போதும் என் தாலியின் 'டொர்ர்-டிக்' வேறு. பத்து மணிக்கு மேல் எரிச்சல் தாங்காமல் சங்கிலியைத் திருப்பி முதுகுப்பக்கம் போட்டு, டீசட்டைக்குள் தள்ளிவிட்டேன்.

மரத்தடி முடிந்தது. கொட்டகையைச் சுற்றி முடிந்தது. வாசல் முடிந்தது. நடந்த வழியையே குறுக்காகவும் ஒருமுறை ஆட்டினேன். பன்னிரண்டு மணி வெயில் மண்டையில் இறங்கியது, தெற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்லா. வா, போலாம். கிடைக்கிறதுன்னா இந்நேரம் கிடைச்சிருக்கும்."

"சும்மா இரு, இன்னும் குழாயடி பாக்கி இருக்கு."

"அவருக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா, நான் காலம் பூரா இந்தக் கொக்கியைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பேன்" என்றாள். சத்தமே இல்லாமல் அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. என் மேல் வந்தது. எட்டு மாதம் ஆராய்ந்து வாங்கிய மிஷின் மேலும் வந்தது.

குழாயடியில் கழிவுத் தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால் ஒன்று இருக்கிறது. சாம்பலும் தேங்காய் நாரும் சோற்றுப் பருக்கையும் சேறோடு கலந்து கிடந்தன. அங்கே தட்டைக் கொண்டுபோனேன். 'டொர்ர்-டிக்.' சே, இந்தச் சங்கிலி வேறு என்று, முன்னால் தொங்குவதை ஒதுக்க இடது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன்.

முன்னால் ஒன்றும் தொங்கவில்லை. நான்தான் தாலியை முதுகில் போட்டிருந்தேனே!

தட்டை மறுபடி ஆட்டினேன். 'டொர்ர்-டிக், டொர்ர்-டிக்.' நான் நிமிர்ந்து நிற்கிறேன். என் தாலி என் முதுகில் இருக்கிறது. அப்படியானால் மண்ணுக்குள் இருந்து இருமுவது யார்?

அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் தங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவின் கழுத்தில் கிடந்தது வெறும் தங்கம் இல்லை. அதில் ஊக்கு இருந்தது, என்னுடையதில் இருப்பதுபோல. ஊக்கின் இரும்பை மிஷின் அடக்கப் பார்த்தது, தங்கம் பேசப் பார்த்தது, இரண்டும் சேர்ந்துதான் அந்த இருமல். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தினம் காலையில் நாலு ஊக்கைக் கழற்றி லாக்கரில் வைக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மோதிரத்தை வைத்துச் சோதித்தேன், தோட்டை வைத்துச் சோதித்தேன். தாலியை மட்டும் வைக்கவில்லை. அதுவாகவே வந்து மூன்று நாளாகத் தன் குரலைக் காட்டியும், நான்தான் என்று ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அக்கா!" என்று போட்ட சத்தத்தில் பூசாரி வெளியே ஓடிவந்தார். மண்வெட்டி எல்லாம் எடுக்கவில்லை. இரண்டு பேரும் சேற்றுக்குள் கையை விட்டோம். தேங்காய் நார்க் கற்றை ஒன்று வந்தது. பாத்திரம் தேய்க்கிற நார். அதைப் பிரித்தேன். உள்ளே சுருண்டு கிடந்தது சங்கிலி. தேய்க்கும்போது நாரில் மாட்டி, கொக்கி விட்டு, நாரோடு வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. தாலி அப்படியே இருந்தது. துருப்பிடித்த ஊக்கு இரண்டு அதில் தொங்கின.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்தாளா, அடித்தாளா என்று தெரியவில்லை, இரண்டும் செய்தாள். நான் குதித்தேன். வீடியோவில் அந்த ஆள் குதித்ததெல்லாம் ஒரு குதியா? சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி குதித்தேன்.

ஈப்போ வரும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தோம், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கவில்லை. அக்கா திட்டம் போட்டாள்: பின்வாசல் வழியாகப் போக வேண்டும், மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும், கொக்கியை இன்று சரிசெய்ய முடியாது, நூலால் கட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும், அத்தானிடம் மூச்சு விடக்கூடாது. பின்வாசலைத் திறந்தால் அத்தான் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டு நின்றார். தலை முதல் கால் வரை சேறாக நின்ற எங்களை ஒருமுறை பார்த்தார்.

"கெடச்சுதா?" என்றார்.

நான்தான் கேட்டேன். "என்ன அத்தான் கெடச்சுதா?"

"தாலி. வேற என்னத்த இப்படி உருண்டு தேடுவீங்க? ஞாயித்துக்கெழம வேன்ல வரும்போதே பார்த்தேன், கழுத்து காலியா இருந்துச்சு. சொன்னா இவ பயந்துருவா. அறுவை நேரத்துல எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆறு நாள்! அவர் பயப்படுவார் என்று இவள் மறைத்தாள், இவள் பயப்படுவாள் என்று அவர் மறைத்தார். சுவர் நிறம் மாறியது தெரியாத மனிதர், வேனுக்குள்ளேயே பார்த்திருக்கிறார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, "தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? நான் இங்க தினம் செத்துக்கிட்டு இருந்தேன்" என்று கத்தினாள். முப்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கழுவிய தாலியை அத்தான் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூனு ஊக்கு இருக்கணுமே. ரெண்டுதான் இருக்கு."

சங்கிலியின் கொக்கி போய்விட்டது, இரண்டு முனைகளையும் சேர்க்க ஏதாவது வேண்டும். அக்கா நூல் தேடினாள். நான் முதுகில் கிடந்த என் சங்கிலியை முன்னால் இழுத்து, அதிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அத்தானிடம் நீட்டினேன். லாரி ஓட்டித் தடித்த விரல்கள். ஊக்கைத் திறப்பதற்கே இரண்டு தடவை குத்திக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். பின்னால் நின்று, முனைகளைச் சேர்த்து, ஊக்கைப் பூட்டினார். பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

திங்கட்கிழமை அறுவை முடிய நேரமானது. மறுநாள்தான் அக்காவை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்த அத்தான் முதலில் அவள் கழுத்தைப் பார்த்தாராம், உதடு அசைந்ததாம். அக்கா காதைப் பக்கத்தில் கொண்டுபோனாளாம்.

"தங்கச்சிகிட்ட சொல்லு. மூனாவது ஊக்கு இன்னும் அங்கதான் கெடக்குது."